ஜரிகையும் கரிநூலும்

கல்பாக்கம் டவுன்ஷிப்பை ஒட்டிய புதுப்பட்டினத்தில் நண்பர் ஒருவர் மின்னணுப் பலகைகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். கடைத்தெருவில், மாடியில், ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பது வழக்கம். அவர் இலக்கியம் படிப்பவர் இல்லை. அதனாலேயே அவரோடு நிறையப் பேச முடிகிறது.

வேலை செய்யும்போது வெள்ளைக் கோட்டு ஒன்று போட்டுக்கொள்வார். அதன் துணியில் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய கறுப்புக் கோடுகள், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும். கணக்கு நோட்டுத் தாளை உடுத்தியதுபோல் இருக்கும். ஒருநாள் இந்தக் கட்டம் அவருக்குப் பிடித்த டிசைனா என்று கேட்டேன். "டிசைன் இல்ல சார். அந்தக் கறுப்பு நூல்தான் வேலை செய்யுது. மிச்சத் துணி சும்மா கூட வருது" என்றார். பல நாவல்களைப் பற்றி நான் சொல்ல நினைத்துச் சொல்ல வராமல் போன வாக்கியம் அது.

அந்தக் கறுப்பு நூல் கரி கலந்த செயற்கை இழை, மின்சாரம் போகக்கூடியது. அதன் வேலையைப் புரிந்துகொள்ள, நம் உடம்பில் சதா நடந்துகொண்டிருக்கும், நாம் பொருட்படுத்தாத ஒரு விஷயத்தைப் பார்க்கவேண்டும். இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரிந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொஞ்சம் மின்னூட்டம் போய்விடுகிறது. செருப்பும் கம்பளமும், சட்டையும் நாற்காலியும், தலைமயிரும் சீப்பும் எல்லாம் இதைச் செய்கின்றன. பஞ்சும் தோலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஏறியது இறங்கிவிடும். நைலானிலும் பாலியஸ்டரிலும் இறங்க வழியில்லை, அங்கேயே குந்திக்கொள்கிறது. உலர்ந்த காற்றில் கம்பளத்தின்மேல் நடக்கிற ஆளின் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். அதே நடை ஈரக் காற்றில் 1,500 வோல்ட்டோடு நின்றுவிடும் என்பது இந்தத் துறையின் கையேடுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. வோல்ட் பெரிதானாலும் மின்னூட்டத்தின் அளவு சொற்பம், அதனால் ஆள் சாவதில்லை. கதவின் பித்தளைக் குமிழைத் தொடும்போது விரலில் சுருக்கென்று ஒரு பொறி, அவ்வளவுதான். அந்தச் சுருக்கை உணரவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் கணினிச் சில்லுகளில் சில வகை 100 வோல்ட்டுக்கு உள்ளேயே பழுதாகிவிடும். பழுதானது அன்றைக்கே தெரியவேண்டும் என்பதுமில்லை. ஆறு மாதம் ஒழுங்காக ஓடி, பிறகு ஒருநாள் நிற்கலாம்.

ஆக, மனிதப் புலன் உணர்கிற எல்லைக்கு வெகு கீழேயே சேதம் நடந்து முடிந்துவிடுகிறது. நண்பருக்கு இது சாதாரண விஷயம். எனக்கு அன்று இரவு தூக்கம் வர நேரமாயிற்று.

நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாத அனுபவம். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. சட்டை முதுகில் ஒட்டும், நோட்டுக் கட்டு ஒன்றோடொன்று ஒட்டும், வெல்லம் கசியும். ஏறியதை எல்லாம் காற்றே இறக்கிவிடுகிறது. ஏசி போட்டு ஜன்னலை மூடிய அறைக்குள் போனால்தான் கதை வேறு. நான் வேலை பார்க்கும் கிளையிலும் சர்வர் இருக்கும் சிறு அறை அப்படிப்பட்டதுதான். அதன் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகை உண்டு. பக்திக்காக என்று நினைக்கும் வாடிக்கையாளர்களும் உண்டு.

கடத்தும் நூல் நாம் இருக்கும் இடத்துத் தேவையில் பிறந்ததில்லை. குளிர் நாடுகளில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது உள்ளே இருக்கும் காற்று உலர்ந்துபோகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே கம்பளி விரிப்பின் இடத்தை நைலான் விரிப்பு பிடித்தது. நடந்தவர்களுக்குச் சுருக் சுருக்கென்றது. எரிச்சல்தான், ஆபத்தில்லை. அதே விரிப்புகளின்மேல் கணினிகள் வந்து உட்கார்ந்தபோது எரிச்சல் செலவாக மாறியது.

முதலில் துருப்பிடிக்காத எஃகை இழையாக்கினார்கள். எஃகைத் தனியாக அவ்வளவு மெல்லிசாக இழுத்தால் அறுந்துபோகும். அதனால் எஃகுக் கம்பிகளுக்குச் செம்பு உறை போட்டு, நூற்றுக்கணக்கில் சேர்த்து ஒரே கட்டாக்கி, மறுபடி மறுபடி துளைகள் வழியாக இழுத்து, கடைசியில் செம்பை அமிலத்தில் கரைத்துவிடுவார்கள். எஞ்சுவது 8 மைக்ரான், 12 மைக்ரான் குறுக்களவுள்ள இழைகள். மனித மயிர் இதைப்போல் ஐந்தாறு மடங்காவது தடிமன். தொட்டால் பஞ்சுபோல் இருக்கும். நைலானோடு சேர்த்து நூற்கலாம். பிறகு 1970களில் கரி வந்தது. ட்யூபான்ட் நிறுவனம் 1974இல் காப்புரிமை பெற்ற இழையில் நடுவே கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் கரு, அதைச் சுற்றி நைலான் உறை. கரியை உள்ளே வைத்ததற்குக் காரணம், கறுப்பு வெளியே தெரிந்தால் வெளிர்நிறக் கம்பளத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதுதான். வேறு சில நிறுவனங்கள் கரியை நைலானின் மேற்பரப்பிலேயே ஊறவைத்தன. என் நண்பரின் கோட்டில் கறுப்பை மறைக்கும் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறைக் கோட்டுக்கு அழகு எதற்கு?

என்னை வியக்கவைத்தது அளவு. கம்பளத்தின் மொத்த எடையில் எஃகு இழை நூற்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. சில நூல்களுக்கு ஒன்றாக ஊடே போனால் போதும். அந்த இழை தரையோடு இணைந்திருந்தால் மின்னூட்டம் அதன் வழியே இறங்கிவிடும். எதனோடும் இணையாமல் இருந்தாலும் ஓரளவு வேலை செய்யும் என்பதுதான் விசேஷம். இழை அவ்வளவு மெல்லிசாக இருப்பதால் அதன் நுனியில் மின்புலம் குவிந்து, பக்கத்திலுள்ள காற்றை அயனிகளாக உடைக்கிறது. அந்த அயனிகள் போய் எதிரே தேங்கியிருப்பதைத் தணிக்கின்றன. எங்கள் கிளையின் ஜெராக்ஸ் எந்திரத்தில் தாள் வெளியே வரும் வாயில் ஒரு வரிசை நுண்ணிய தூரிகை மயிர் இருக்கிறது. தாளைத் தொடாது, மேலாக நிற்கும். தொடாமல் அது செய்வது இந்தக் காரியத்தைத்தான். தடித்த கம்பியால் இது இவ்வளவு எளிதில் ஆகாது. மெலிவே அதன் சக்தி.

இன்னொன்று: நன்றாகக் கடத்துவது நல்லது என்று நினைக்கக்கூடாது. நண்பர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டையிலிருந்து தரைக்குப் போகும் கம்பியில், நடுவே 1 மெகா ஓம் தடை ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். தடையில்லாத செம்புக் கம்பி என்றால், தவறிப்போய்க் கை மின்கம்பியில் பட்டுவிட்டால் ஆள் போய்விடுவார். சில்லுக்கும், திடீரென்று கொட்டுவதுதான் விஷம். மெதுவாக இறங்க வேண்டும். 'கடத்துதல்' என்ற சொல் தமிழில் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. காலத்தைக் கடத்துகிறோம், தங்கத்தைக் கடத்துகிறார்கள், பாடப்புத்தகம் மின்சாரத்தையும் அதன் தலையில் ஏற்றிவிட்டது. உலகத்தைக் கடத்தி, கடத்தாப் பொருள் என்று இரண்டாகப் பிரித்துப் பரீட்சையும் வைத்துவிட்டது. இந்த நூலுக்குக் 'கசியவிடுதல்' என்ற சொல்தான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. சுவரில் ஈரம் கசிவதுபோல, ஒரு வீட்டுச் சங்கதி தெருவுக்குக் கசிவதுபோல.

கல்பாக்கத்துக்கும் நூலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது. பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை இடிந்து நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் இறங்கியதற்குத் துணி ஒரு முக்கியக் காரணம். இங்கே நெய்த மஸ்லின் கப்பலேறிப் போயிற்று. இன்று தறிச் சத்தம் கேட்கவேண்டுமானால் செங்கல்பட்டு தாண்டிக் காஞ்சிபுரம் போகவேண்டும். என் அம்மா அங்கே பிள்ளையார்பாளையத்துப் பெண். தாத்தா பட்டு நெய்தவர். அம்மாவின் கல்யாணப் புடவை, 1986இல் கட்டியது, அவர் தறியில் இறங்கியதுதான். அரக்கு உடம்பு, அகலக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை.

ஜரிகை என்பது என்ன என்று அதுவரை நான் யோசித்ததில்லை. வீட்டில் புழங்கும் பொருளைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? செம்பு கலந்த வெள்ளியைத் துளை துளையாக இழுத்து மயிரளவு கம்பியாக்குகிறார்கள். உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டை நாடாவாக்குகிறார்கள். சிவப்புச் சாயமேற்றிய பட்டு இழையின்மேல் அந்த நாடாவை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். பிறகு தங்க முலாம். எடையில் பட்டு கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, தங்கம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, மீதி வெள்ளியும் செம்பும். சூரத்திலிருந்து வருவதே அதிகம். 1970களில் காஞ்சிபுரத்திலேயே அரசு ஜரிகை ஆலை ஒன்றும் தொடங்கியது. ஆக, ஜரிகை உலோகச் சுருள் போர்த்திய நூல். கரிநூலில் கடத்தும் பொருள் உள்ளே ஒளிந்திருக்கிறது, கடத்தாதது வெளியே தெரிகிறது. ஜரிகையில் இது தலைகீழ். ஒன்று பார்வைக்குத் தப்ப வேண்டும், மற்றது பார்வைக்காகவே இருக்கிறது.

இதைச் சொன்னதும் நண்பருக்குக் கை துறுதுறுத்தது. "எடுத்துட்டு வாங்க சார், மீட்டர் வச்சுப் பாத்துடலாம்." அம்மாவிடம் விளக்க முடியாத ஒரு காரணம் சொல்லிப் புடவையை எடுத்துப்போனேன். முந்தானையை மேஜைமேல் விரித்து, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஜரிகையில் வைத்தார். பீப் என்றது. இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார், ஒலித்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார், ஒலிக்கவில்லை. முனையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. புடவையை நீளவாக்கில் மடித்து மடித்து வைத்த கோடுகளில் ஊடை ஜரிகை அறுந்திருக்கிறது. ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே உள்ள பட்டை தனித்தனியாக உயிரோடு இருக்கிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. தட்டை நாடாவின் விளிம்பு மடிகிற இடத்தில் கத்திபோல் நின்று தன் பட்டையே அறுக்கும் என்பது நெய்கிறவர்களுக்குத் தெரியும். மடிப்பை அவ்வப்போது மாற்றி வைக்கச் சொல்வது அதற்காகத்தான். பிறகு நண்பர் மனைவியின் புதுப் புடவை ஒன்று வந்தது. கண்ணுக்கு இதைவிட மினுக்கம். மீட்டர் வாயே திறக்கவில்லை. பாலியஸ்டர் படலத்தின்மேல் அலுமினியம் பூசி, அதன்மேல் நிறமும் மெருகும் கொடுத்து நறுக்கிய பிளாஸ்டிக் ஜரிகை. மீட்டர் பத்தர் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். செம்புக் கம்பி ஜரிகையிலும் அது வெள்ளிக்குக் கத்துவதுபோலவே கத்தும்.

1997இல் அமெரிக்காவில் எம்ஐடி ஊடகக் கூடத்தைச் சேர்ந்த ரெமி போஸ்ட், மேகி ஆர்த் இருவரும், துணியிலேயே மின்சுற்று அமைப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கையாண்ட துணிகளில் முக்கியமானது இந்தியாவில் நெய்யப்படும் ஜரிகை ஆர்கன்சா. பாவில் வெறும் பட்டு, ஊடையில் உலோகம் சுற்றிய பட்டு. ஊடை இழைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு ஓடுவதால், ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பியாகிறது. அவர்கள் இதைப் பழைய தொலைபேசிக் கம்பியோடு ஒப்பிட்டார்கள்.

இதை உறவினர் ஒருவரிடம் சொல்லப்போக, மறுநாள் காலை என் கைபேசியில் வாழ்த்து வந்தது: அணியும் கணினியை நம் முன்னோர் அன்றே நெய்துவிட்டார்களாம். இந்த வகைப் பெருமிதத்தில் எனக்குச் சலிப்பு மட்டுமே உண்டு. தாத்தா ஜரிகை ஓட்டிய காலத்தில் அதில் மின்சாரம் போகுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வைத்திருந்தார் என்று அவரைப் புகழ்வது, அவர் உண்மையில் செய்த வேலையைப் பார்க்க மறுப்பது. கோர்வையில் உடம்பையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் பிசிறில்லாமல் இணைத்தார். அதற்குப் புகழலாம்.

அந்தத் தொலைபேசிக் கம்பி விஷயம்தான் எனக்கு முக்கியம். பழைய தொலைபேசியின் கைக்கருவியையும் பெட்டியையும் இணைக்கும் கயிற்றுக்குள் இருந்தது சாதாரணக் கம்பியில்லை. நூல் ஒன்றின்மேல் மெல்லிய செம்பு நாடாவைச் சுருளாகச் சுற்றியது. ஆயிரக்கணக்கான தடவை முறுக்கி இழுத்தாலும் கம்பி அறுந்துவிடக்கூடாது. உலோகம் தனியாக அதைத் தாங்காது. எனவே இழுவையை நூல் ஏற்கிறது, உலோகம் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. அப்படியே ஜரிகை. ஆங்கிலத்தில் அந்தக் கம்பிக்குப் பெயரே டின்சல், அதாவது நம் ஜிகினா. யாரும் யாரிடமிருந்தும் திருடியிருக்க வேண்டியதில்லை. உலோகம் மடிய வேண்டும் என்ற நெருக்கடி இரண்டு இடத்திலும் இருந்தது.

1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து புதுக்கவிதைமேல் ஒரு வழக்கு நடந்துவந்தது, இறக்குமதிச் சரக்கு என்று. பதிலுக்கு, எல்லாம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது என்று வக்காலத்து. இரு கட்சியாரும் கேட்டது ஒரே கேள்வி: யாரிடம் முதலில் இருந்தது? அந்தக் கேள்வி இன்றும் வேறு பெயர்களில் நம் பத்திரிகைகளில் நடமாடுகிறது. லத்தீன் அமெரிக்கப் பெயர் ஒன்றை அடைமொழியாகச் சேர்த்தால் விமர்சனம் முடிந்துவிடுகிறது. எதை மடிக்க வேண்டியிருந்தது என்று கேட்பவர்களைக் காணோம். செய்யுளுக்குள் ஒரு குமாஸ்தா தன் சொந்தக் குரலில் பேச வேண்டியிருந்தது. யாப்பு தனியாக அதைத் தாங்கவில்லை. பேச்சின் நூல்மேல் ஓசையைச் சுற்ற வேண்டியதாயிற்று. அதே நெருக்கடி வேறு மொழியிலும் நேர்ந்திருந்தால், இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில் என்ன குற்றம்?

இந்த வாதத்தை அம்மாவிடம் வேறு வடிவத்தில் சொல்லிப் பார்க்கும்படி ஆயிற்று. 2025இல் வெள்ளி விலை ஏறியபோது, பழைய ஜரிகைப் புடவை எடுக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு வந்தார்கள். அம்மா கூப்பிட்டுவிட்டாள். வந்தவர் முந்தானையில் ஓரிடத்தை நகத்தால் சுரண்டினார், உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது. தலையசைத்துத் தராசை எடுத்தார். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எரிக்கிறதுதான் சார். பட்டு சாம்பலாப் போகும், வெள்ளி நிக்கும்." ஜரிகைக்கு எங்கள் வங்கியின் நகைக் கடனில் இடம் கிடையாது. எரித்தால்தான் அதற்கு எடை உண்டு. தாத்தாவின் கை அதில் இருந்த விதம் எந்தத் தராசிலும் வராது.

கொடுக்க வேண்டாம் என்றேன். தாத்தா நெய்தது, இன்னும் மின்சாரம்கூட ஓடுகிறது, நானே பார்த்தேன் என்றேன்.

"பீப்புன்னு கேட்டுதுன்னு சொன்னியே, மடிப்பு தாண்டிக் கேட்டுதா?" என்றாள் அம்மா. இல்லை என்றேன். "அப்ப என்னா? உடுத்தினா கிழியும். பொட்டியில வச்சு இன்னும் எத்தன மடிப்பு மடிக்கிறது? உங்க தாத்தா இருந்தா அவரே குடுத்திருப்பாரு. பழைய ஜரிக திரும்ப வெள்ளியாகி, கம்பியாகி, யாரு தறிக்காவது போவும்."

பிறகு அந்த ஆளிடம் திரும்பி, "ஏம்ப்பா, உடம்பையும் சேத்தா நிறுப்பே?" என்று கேட்டுக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். கரையையும் முந்தானையையும் தனியாக வெட்டிக் கொடுத்தாள். வெட்டும்போது கை நடுங்கவில்லை. பணத்தை எண்ணி என்னிடம் தந்து, நானும் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொன்னாள். அரக்கு உடம்பு, உலோகம் படாத இடம் என்பதால், இன்னும் உரமாக இருந்தது. அண்ணன் மகளுக்குப் பாவாடை தைக்கலாம் என்று முடிவாயிற்று. கரைக்கு நாடா வாங்கச் செங்கல்பட்டு போனோம். குழந்தைக்குக் குத்தாது என்று பிளாஸ்டிக் ஜரிகையை அம்மாதான் எடுத்தாள்.